குழலடியில் ஒரு மகுடம்

ஓர் உளுத்தம்பருப்பு அளவுதான் இருக்கும். அதற்குள் ஒரு மகுடம். மகுடத்தின் கீழே ஆங்கில 'வி' எழுத்து. 18ஆம் நூற்றாண்டில் லண்டனில் சோதித்த துப்பாக்கி ஒன்று கையில் கிடைத்தால், குழலின் வாயை விட்டுவிட்டு அடியைப் பாருங்கள். மருந்து வெடிக்கும் அந்த இடத்தில்தான் இந்தப் பொட்டு இருக்கும்.

மகுடத்தையும் எழுத்தையும் சேர்த்துப் பார்த்ததும் மனம் தானாக ஒரு கதை கட்டும். ராஜாவின் ஆயுதம், ஆகவே 'வி' என்றால் விக்டரி, வெற்றி. இல்லையென்றால் விக்டோரியா மகாராணி. மகாராணி பிறந்தது 1819ல். இந்த முத்திரை அவருக்கு நூறாண்டுக்கு மேல் மூத்தது. வெற்றிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. 'வி' என்பது வியூ. அதாவது, பார்த்தாயிற்று.

இவ்வளவுதான் சேதி. யாரோ ஒருவர் இந்தக் குழலைக் கையில் எடுத்து, உள்ளே ஒரு கண்ணும் வெளியே ஒரு கண்ணுமாகப் பார்த்து, விரிசலில்லை, வீக்கமில்லை என்று தேறி, ஓர் அச்சை வைத்துச் சுத்தியலால் ஒரே அடி அடித்திருக்கிறார். அவர் பேர் எங்கும் இல்லை. பழைய துப்பாக்கிகளில் வெள்ளிப் பூவேலை உண்டு, தந்தம் பதித்த கட்டை உண்டு, டிராகன் வாயாகச் செதுக்கிய குதிரை உண்டு. அவையெல்லாம் அழகுதான். என் கண் போய் நிற்பது இந்தப் 'பார்த்தாயிற்று' என்ற பொட்டில்தான்.

இதன் பக்கத்திலேயே இன்னொன்று இருக்கும். அதற்கும் மேலே மகுடம். கீழே 'ஜி', 'பி' என்ற இரண்டு எழுத்துகள் ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து பின்னிக் கிடக்கும். கன்மேக்கர்ஸ் புரூஃப் என்பதன் முதலெழுத்துகள். எது எங்கே தொடங்கி எது எங்கே முடிகிறது என்று சட்டென்று பிரித்துச் சொல்ல முடியாது. சிக்குக் கோலத்தில் இழை ஒன்றைக் கண்ணால் துரத்துகிற மாதிரி துரத்த வேண்டும்.

லண்டன் துப்பாக்கிக் கைவினைஞர் சங்கத்துக்கு முதலாம் சார்லஸ் மன்னர் 1637ல் பட்டயம் கொடுத்தார். (அவர்களுடைய பேரிலும் 'கம்பெனி' என்ற சொல் உண்டு. நமக்குக் கம்பெனி என்றால் வேறொன்று ஞாபகம் வரும். அதுவும் பின்னால் வரத்தான் போகிறது. ஆகவே இவர்களைச் சங்கம் என்றே வைத்துக்கொள்வோம்.) நகரத்தில் ஏற்கெனவே இருந்த பழைய கைவினைஞர் சங்கங்களுக்கு இது பிடிக்கவில்லை. பட்டயம் நகரசபையின் ஏட்டில் ஏறி முழு உயிர் பெற 1656 ஆகிவிட்டது. அதற்குள் பட்டயம் கொடுத்த மன்னரின் தலையே போய்விட்டது.

மோசமான குழல் வெடித்துவிடுமே என்பதுதான் துப்பாக்கிச் சங்கத்தின் கவலை. அது நியாயமானது. அந்தக் காலத்துக் குழல் என்பது ஒரு இரும்புப் பட்டை. அதைக் காய்ச்சி, ஒரு கம்பியைச் சுற்றி மடித்து, விளிம்போடு விளிம்பு சேர்த்துத் தட்டி ஒட்டியிருப்பார்கள். ஒட்டிய இடத்தில் ஊசிமுனை அளவு சாம்பல் தங்கியிருந்தாலும் போதும். வெளியே அரம் போட்டு மெருகேற்றிவிட்டால் கண்ணுக்குத் தெரியாது. சுடும்போதுதான் தெரியும். தெரியும்போது சுட்டவரின் இடது கை இருக்காது.

ஆகவே வழக்கமாகக் கெட்டிக்கும் அளவைவிடக் கூடுதலாக மருந்தைக் கெட்டித்து, குண்டும் போட்டு, ஆளில்லாத அறையில் குழலைக் கிடத்தி வெடித்துப் பார்த்தார்கள். பிழைத்த குழலைக் கழுவி, வீங்கியிருக்கிறதா, கீறல் விட்டிருக்கிறதா என்று பார்த்தார்கள். வெடியைத் தாங்கியதற்கு ஒரு முத்திரை, பார்வையில் தேறியதற்கு ஒரு முத்திரை. பிளந்த குழலுக்கு முத்திரை ஏது? அது பழைய இரும்பாகிவிடும். நமக்குக் கிடைத்திருக்கும் ஒவ்வொரு மகுடமும் ஒரு வெடியைத் தாங்கிக்கொண்டு வந்தது.

இந்த இரண்டு மகுடங்களுக்கும் நடுவே சில குழல்களில் மூன்றாவதாக ஒரு சிறு குத்து இருக்கும். இரண்டு எழுத்து, சில சமயம் அதன் தலையிலும் ஒரு மகுடம். அதுதான் குழல் செய்தவரின் அடையாளம். இருபுறமும் சாட்சிகள் நிற்க நடுவில் மணமகன் மாதிரி. பூட்டின் (சுடவைக்கும் பொறியமைப்புக்கு அந்தப் பேர்) மேல் கொட்டை எழுத்தில் இருக்கும் பேர் பெரும்பாலும் வேறொருவருடையது. அவர் கடை வைத்திருந்தவர். பல பட்டறைகளில் செய்த உறுப்புகளை வாங்கிச் சேர்த்து விற்றவர். குழலைக் காய்ச்சி அடித்தவர் இந்த இரண்டு எழுத்துக்குள் ஒடுங்கிக்கொண்டார். அந்த எழுத்துகள் யாருடையவை என்று சங்கத்தின் பழைய பதிவுகளோடு ஒப்பிட்டுத் தேடிக் கண்டுபிடிப்பதில் ஆயுளைக் கழித்த ஆராய்ச்சியாளர்கள் இங்கிலாந்தில் உண்டு. ஊர்ப் பெரியவர்களின் கையெழுத்தைப் பழைய பத்திரங்களில் அடையாளம் காண்கிற மாதிரியான வேலை அது.

முத்திரையை வாசிப்பதற்கு முன்னால் அது விழுந்திருக்கும் விதத்தைப் பார்க்க வேண்டும். அச்சின் முகம் சப்பையானது, குழலோ உருண்டை. சப்பையை உருண்டை மேல் வைத்து அடித்தால் நடுப்பகுதி ஆழமாகவும் ஓரங்கள் மங்கலாகவும்தான் விழும். மகுடத்தின் இடது முத்து இருக்கும், வலது முத்து இருக்காது. அடித்தவர் கை கொஞ்சம் சாய்ந்திருந்தால் ஒரு பக்கம் அழுந்தி மறுபக்கம் பாவியிருக்கும். அச்சு துள்ளி இரண்டாம் முறை விழுந்திருந்தால் மகுடத்துக்கு நிழல் மாதிரி இன்னொரு மகுடம். எட்டுப் பட்டை போட்ட குழலென்றால் தட்டையான பரப்பு. முழு முத்திரையும் தெளிவாக விழும். ஆனால் அந்தத் தெளிவைவிட உருண்டைக் குழலின் அரைகுறை முத்திரைதான் எனக்குப் பிடிக்கிறது. அதில் ஒரு கை தெரிகிறது.

இதிலேயே ஒரு தொழில் ரகசியமும் உண்டு. செதுக்கினால் இரும்பு போய்விடும். குத்தினால் இரும்பு ஒதுங்கும். அசல் முத்திரையின் விளிம்பைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால், ஒதுங்கிய இரும்பு மெல்லிய வரப்பாக எழும்பி நிற்பது சில இடங்களில் இன்னும் தெரியும். பிற்காலத்தில் உளியால் வெட்டிச் சேர்த்த பொய் முத்திரைக்கு அந்த வரப்பு கிடையாது.

இப்போது அந்த இன்னொரு கம்பெனி. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் கிழக்கிந்தியக் கம்பெனி தன் சிப்பாய்களுக்கு வாங்கிய சக்கிமுக்கித் துப்பாக்கிகளின் பூட்டில் ஒரு இதயம் இருக்கும். காதலுக்கு அல்ல, சரக்கு மூட்டைக்கு. மூட்டைகளின் மேல் போட்ட வணிகக் குறி அது. இதயத்தைக் குறுக்குக் கோடுகளால் நான்காகப் பிரித்து, ஒவ்வொரு அறையிலும் ஓர் எழுத்து: வி, இ, ஐ, சி. தலையில் 4 என்ற எண் போல ஒரு கொம்பு. ஐரோப்பிய வணிகர்கள் பல நூற்றாண்டாக மூட்டைக் குறிகளில் போட்டு வந்த வடிவம். பழைய காசு சேர்ப்பவர்களுக்கு இந்த இதயம் பழக்கமானதுதான். கம்பெனியின் செப்புக் காசுகளிலும் இதையே அடித்தார்கள். மிளகு மூட்டைக்கும் காசுக்கும் துப்பாக்கிக்கும் ஒரே குறி. அந்தக் கம்பெனியின் சரித்திரத்தை இதைவிடச் சுருக்கமாக எழுத முடியாது.

அந்த இதயத்துக்குள் முதல் அறையில் இருக்கும் 'வி'யைப் பாருங்கள். இது பார்வையுமல்ல, வெற்றியுமல்ல. லத்தீன் முறையில் 'யு' எழுத்தை 'வி' போலச் செதுக்குவது வழக்கம். ஆகவே இது யுனைடெட். ஒன்றுபட்ட கிழக்கிந்தியக் கம்பெனி. அதே துப்பாக்கியின் குழலில் லண்டன் சங்கத்தின் 'வி'யும் இருக்கும். ஒரே இரும்பின் மேல் இரண்டு 'வி', ஒன்றுக்கொன்று ஒரு முழ தூரம்கூட இல்லை. ஒன்று உடைமையைச் சொல்கிறது. மற்றது உறுதியைச் சொல்கிறது. சிலேடை எழுதிய நம் புலவர்கள் இதைக் கண்டிருந்தால் விட்டிருக்க மாட்டார்கள்.

1808 வாக்கில் இதயம் போய்ச் சிங்கம் வந்தது. பின்னங்காலில் நின்று முன்னங்காலில் மகுடத்தைப் பிடித்திருக்கும் சிங்கம். வடிவாகத்தான் இருக்கிறது. ஆனாலும் மூட்டைக் குறியில் இருந்த ஒளிவுமறைவில்லாத வியாபாரம் இதில் இல்லை. வியாபாரி ராஜாவாகிவிட்டார் என்று பூட்டே சொல்லிவிடுகிறது. இரண்டில் இதயத்துக்குத்தான் என் ஓட்டு.

கம்பெனி யாரோடு சண்டை போட்டதோ அந்தப் பக்கத்துத் துப்பாக்கிகளையும் பார்த்தால்தான் நியாயம். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானின் பட்டறைகளில் செய்த துப்பாக்கிகளில் முத்திரை எது, அலங்காரம் எது என்று பிரிக்க முடியாது. குழல் முழுக்க, பூட்டு முழுக்கப் புலிவரி. அந்தப் புலி முகத்தைக் கிட்டத்தில் பார்த்தால் அது வெறும் படமல்ல, எழுத்து. 'வெற்றி கொள்ளும் இறைவனின் சிங்கம்' என்ற பொருள்படும் அரபுத் தொடரை வளைத்து, கண்ணும் மூக்கும் மீசையுமாக அமைத்துவிடுவார்கள். செய்தவர் பேர், ஊர், ஆண்டு எல்லாம் வெள்ளியிலோ தங்கத்திலோ எழுதியிருக்கும். ஆண்டைப் படிப்பதில்தான் ஆள் தடுக்கி விழுவார். திப்பு தனக்கென்று ஒரு சகாப்தம் வகுத்துக்கொண்டார். நபிகளின் பிறப்பிலிருந்து கணக்கு. எண்களையும் வழக்கத்துக்கு மாறாக வலமிருந்து இடமாக எழுத வைத்தார். விவரம் தெரியாமல் படித்தால், 1799ல் மாண்ட அரசரின் துப்பாக்கி எந்த நூற்றாண்டிலும் பொருந்தாமல் திரியும். ஆங்கிலேயர்கள் இவற்றைப் பரிசுப் பொருளாகக் கப்பலேற்றினார்கள். எந்த வெற்றியின் நினைவாக எடுத்துப்போனார்களோ, அந்த வெற்றிக்கு எதிராக நின்றவரின் கையெழுத்து அவர்களுடைய மாளிகைச் சுவர்களில் புலி முகமாக உறுமிக்கொண்டிருக்கிறது.

பிரிட்டிஷ் ராணுவத் துப்பாக்கிகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். பூட்டில் மகுடமும் ஜி.ஆர். எழுத்தும், பின்னால் 'டவர்' என்ற வளைந்த சொல்லும் இருக்கும். டவர் என்றால் லண்டன் கோட்டை. அங்கேதான் செய்தார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. குழலும் பூட்டும் பெரும்பாலும் பர்மிங்ஹாம் பட்டறைகளிலிருந்து போனவை. 1764 வரைக்கும் பூட்டில் ஒப்பந்தக்காரரின் பேரும் ஆண்டும் போட்டார்கள்; பிறகு அதையும் நிறுத்திவிட்டார்கள். ஆட்கள் மறைந்து கோட்டை மட்டும் மிஞ்சியது. ஆனால் பூட்டைக் கழற்றி உள்பக்கம் திருப்பினால் அரம் பிடித்தவரின் முதலெழுத்து இருக்கும். ஒரு துப்பாக்கிக்குரிய திருகாணி இன்னொன்றோடு கலந்துவிடாமலிருக்கப் போட்ட சிறு வெட்டுகளும் சில சமயம் இருக்கும். ஒன்று, இரண்டு, மூன்று கோடு. சலவைக்காரர் துணியில் போடும் குறி மாதிரி.

ராணுவக் குறிகளில் ஒன்றே ஒன்று மனதில் நிற்கிறது. அம்பு. அகலமான முனை கொண்ட மூன்று கோட்டு அம்பு, அரசாங்கச் சொத்து என்பதற்கு அடையாளம். துப்பாக்கி பழசாகி விற்றுத் தள்ளும்போது, அந்த அம்பின் முனைக்கு எதிரே முனை முட்ட இன்னொரு அம்பை அடிப்பார்கள். இனி இது எங்களுடையது அல்ல என்று பொருள். ஒரு சொல் எழுதாமல் உறவு முறிந்ததை எழுதிவிட்டார்கள்.

வேட்டைத் துப்பாக்கிகளுக்கு வருவோம். பணக்காரர் வீட்டுப் பொருள். ஆகவே பொய்யும் இங்கேதான் அதிகம்.

ஐரோப்பாவிலேயே ஆசையோடு தேடப்பட்ட குழல்கள் 18ஆம் நூற்றாண்டில் மாட்ரிடில் செய்தவை. தேய்ந்த குதிரை லாடத்து இரும்பைச் சேர்த்துக் காய்ச்சிச் செய்தார்கள். பல நாள் சாலையில் அடிபட்ட இரும்பு முறியாது என்று நம்பிக்கை. ஐந்தாம் பிலிப் மன்னரின் கைவினைஞர் நிக்கோலாஸ் பிஸ் இதில் பேர் வாங்கியவர். இவர்கள் முத்திரை குத்திய விதம் அலாதி. முதலில் இரும்பில் ஆழமாக ஒரு குழி. அதற்குள் தங்கத் தகடு. அந்தத் தகட்டில் மகுடமும் பேரும். பேரை மூன்று வரியாக உடைத்து, கையகல இடம்கூட இல்லாத நகத்தளவு சதுரத்துக்குள் அடக்கியிருப்பார்கள். கீழே இன்னொரு குழியில் அவரவருக்கென்று ஒரு சின்னம், ஒரு மிருகமோ சிலுவையோ. சுற்றிலும் அல்லிப்பூ வடிவில் சின்னச் சின்னத் தங்கப் புள்ளிகள். கருநீல இரும்பில் அந்த மஞ்சள் சதுரம் தனியாக மின்னும்.

மின்னியதே வினையாயிற்று. பெல்ஜியத்திலும் வேறு ஊர்களிலும் அதே மாதிரி தங்கச் சதுரங்களை அடித்து மாட்ரிட் என்று விற்றார்கள். இஸிட்ரோ சோலர் என்ற மாட்ரிட் துப்பாக்கிக் கைவினைஞர் 1795ல் ஒரு புத்தகமே போட வேண்டியதாயிற்று. தமக்கு முன்னிருந்தவர்கள் யார் யார், அவரவர் முத்திரை எது என்று படத்தோடு. அசல் முத்திரைகளை அச்சிட்டுக் கொடுத்தால் போலி செய்பவருக்கும் அது நல்ல மாதிரிப் படம்தானே என்று அவர் யோசித்தாரோ என்னவோ. லண்டன்காரர்கள் மட்டும் கௌரவமாகக் காப்பியடித்தார்கள். தங்கச் சதுரத்தை எடுத்துக்கொண்டு அதற்குள் தங்கள் சொந்தப் பேரைப் போட்டார்கள்.

இத்தாலியில் கார்தோனே ஊரின் கோமினாட்ஸோ குடும்பத்துக்கு நேர்ந்தது இன்னும் வேடிக்கை. 'லாசரினோ கோமினாட்ஸோ' என்று குழலில் எழுதியிருந்தால் விலை ஏறும் என்று தெரிந்ததும் ஐரோப்பா முழுவதும் அந்தப் பேரை எழுத ஆரம்பித்தது. எழுதியவர்களில் பலருக்கு எழுத்துக்கூட்டத் தெரியவில்லை. 'லாசரோ லாசரினோ' என்று ஒரு ஆளே புதிதாகப் பிறந்துவிட்டார். இன்று அந்தப் பேர் துலக்கமாகத் தெரியும் குழலைப் பார்த்தால் அனுபவசாலிகள் முதலில் சந்தேகப்படுகிறார்கள்.

பேர் என்பது மேலே இருப்பது, வாங்குபவர் பார்ப்பதற்கு. சோதனை முத்திரை கீழே இருப்பது. நல்ல வேட்டைத் துப்பாக்கியில் அதைக் கட்டைக்குள் மறைகிற மாதிரிதான் குத்தியிருப்பார்கள். குழலைக் கழற்றித் திருப்பினால்தான் தெரியும். நம் மளிகைக்கடை எடைக்கல் ஞாபகம் வருகிறதா? மேலே கிலோ என்று பெரிதாக வார்த்திருக்கும். கல்லைத் திருப்பினால் அடியில் ஒரு குழி, குழியில் ஈயம், ஈயத்தில் இன்ஸ்பெக்டர் குத்திய முத்திரை. எடை எது என்பதைச் சொல்வது மேலே; அது உண்மைதானா என்பதைச் சொல்வது கீழே. துப்பாக்கியும் அப்படித்தான்.

பர்மிங்ஹாம் ஊரில் துப்பாக்கி செய்தவர்கள் நிறைய; 'லண்டன்' என்ற சொல்லுக்கு மதிப்பு அதிகம். ஆகவே பர்மிங்ஹாம் குழல்களின் மேல் அழகான சாய்வெழுத்தில் லண்டன் என்று செதுக்கினார்கள். 1813ல் நாடாளுமன்றச் சட்டத்தால் அந்த ஊருக்கென்றே ஒரு சோதனைச் சாலை ஏற்பட்டது. அதன் முத்திரையில் இரண்டு செங்கோல்கள் பெருக்கல் குறியாகக் குறுக்கிட்டு நிற்கும், மேலே மகுடம், செங்கோல்களுக்கு இடையே பி, பி, சி என்ற எழுத்துகள். பார்வை முத்திரையும் அதே அமைப்புத்தான், எழுத்து மட்டும் 'வி'. பிறகென்ன, குழலின் மேல்பக்கம் லண்டன் என்றும் அடிப்பக்கம் பர்மிங்ஹாம் என்றும் ஒரே பொருள் இரண்டு வாக்குமூலம் கொடுத்தது. அழகில் பர்மிங்ஹாம் முத்திரை எனக்கு ஒரு படி கீழேதான். நெரிசல் அதிகம், சிறிய அச்சில் செங்கோல் நுனிகள் அப்பிக்கொண்டு சிலந்தி மாதிரி ஆகிவிடும். லண்டனின் அந்தப் பின்னல் கோட்டில் இருக்கும் அடக்கம் இதில் இல்லை.

சென்னை மவுண்ட் ரோட்டில் கடிகாரத்துக்கும் நகைக்கும் பேர்போன பி. ஆர் அண்டு சன்ஸ் வேட்டைத் துப்பாக்கிகளும் விற்றது. குழல்களுக்கு நடுவே ஓடும் பட்டையில் கடையின் பேரும் மெட்ராஸ் என்ற ஊரும் செதுக்கியிருக்கும். இங்கே பொய் எதுவும் இல்லை. விற்றவர் தம் பேரைப் போடுவது அன்றைய வழக்கம். ஆனால் அந்த மாதிரிக் கடைத் துப்பாக்கியைத் திறந்து குழலைத் திருப்பினால், மெட்ராஸ் மறைந்து இங்கிலாந்துச் சோதனைச் சாலையின் மகுடம் வந்து நிற்கும்.

பெல்ஜியத்தின் லியேஜ் நகரத்துக்கு இதில் தனி இடம் உண்டு. 19ஆம் நூற்றாண்டில் உலகத்துக்கே துப்பாக்கி செய்து கொடுத்த ஊர். யார் எந்தப் பேரைக் கேட்டாலும் அந்தப் பேரைப் பொறித்துக் கொடுத்தது. பர்மிங்ஹாமில் வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் என்ற பேர் ஓங்கி நின்ற காலத்தில், அமெரிக்கக் கடைகளுக்கு 'டபிள்யூ. ரிச்சர்ட்ஸ்' என்று பொறித்த மலிவு இரட்டைக்குழல்கள் கப்பல் கப்பலாகப் போயின. வெஸ்ட்லிக்கும் அந்த டபிள்யூவுக்கும் முதலெழுத்தைத் தவிர ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. வாங்கியவர் பேரைப் பார்த்து மகிழ்ந்தார். குழலைத் திருப்பியிருந்தால் கோழிமுட்டை வடிவில் ஒரு வளையம், அதற்குள் இ, எல், ஜி என்ற மூன்று எழுத்து, ஒரு நட்சத்திரம். லியேஜ் சோதனை என்பதன் சுருக்கம். பேரை வளைத்த ஊர் முத்திரையை வளைக்கவில்லை. குழல் வெடித்தால் ஊருக்குக் கெட்ட பேர். பேர் பொய்யானால் வேறு யாருக்கோ தானே!

இந்த முட்டைக்கு மேல் 1893 ஜூலையில் ஒரு மகுடம் ஏறியது. ஆகவே மகுடமில்லாத முட்டை என்றால் அதற்கு முந்தையது; மகுடம் வைத்த முட்டை என்றால் பிந்தையது. பக்கத்தில் ஒரு தூண் நிற்கும், படிக்கட்டுகளின் மேல். பெரோன் என்பார்கள். லியேஜ் சந்தைச் சதுக்கத்தில் அந்த ஊரின் சுதந்திரத்துக்கு அடையாளமாக நிற்கும் தூண். அதை ஒரு பட்டாணிக்குள் வைத்துக் குத்தியிருக்கிறார்கள். நல்ல அச்சில் படிகளை எண்ணலாம். தேய்ந்த அச்சில் அது சதுரங்கக் காய் மாதிரி தெரியும்.

இன்னும் ஒன்று, எண்கள். 1855ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிந்தைய இங்கிலாந்துக் குழல்களில் முத்திரைக்குப் பக்கத்தில் 12, 13, 16 என்று இருக்கும். வரிசை எண் என்று பலர் நினைக்கிறார்கள். குழலின் துளைக்குச் சரியாகப் பொருந்தும் உருண்டை ஈயக் குண்டுகள் எத்தனை சேர்ந்தால் ஒரு பவுண்டு எடை வரும் என்ற கணக்கு அது. 12 என்றால் பன்னிரண்டு குண்டு ஒரு பவுண்டு. எண் கூடக் கூடக் குண்டு சிறிதாகும், துளையும் சிறிதாகும். அடிக்கோலே எடுக்காமல் தராசால் துளையை அளந்திருக்கிறார்கள். இதைவிட நயம், 1887க்குப் பின் வரும் '13'ம் அதன் கீழே ஒரு '1'ம். பன்னிரண்டுக்கும் பதின்மூன்றுக்கும் நடுவே விழுந்த துளைக்கு அப்படி எழுதினார்கள். பன்னிரண்டின் விட்டம் 0.729 அங்குலம், பதின்மூன்றின் விட்டம் 0.710. அந்த நடுத் துளை 0.719. அங்குலத்தின் நூறில் ஒரு பங்கு வித்தியாசத்துக்குத் தனி முத்திரை வைத்திருந்தார்கள்!

இதனால் இன்றைக்கும் பயன் உண்டு. பன்னிரண்டு என்று முத்திரை விழுந்த குழலின் உள்ளை இப்போது அளந்தால் கூடுதலாக வருகிறதென்று வையுங்கள். பிற்காலத்தில் யாரோ துருவை எடுக்கிறேன் என்று உள்ளே கடைந்திருக்கிறார்கள், சுவர் மெலிந்திருக்கிறது. முத்திரை அசையாமல் இருந்து குழலைக் காட்டிக்கொடுக்கிறது.

இவற்றின் நடுவே குழலின் உடம்பையே பார்க்க மறந்துவிடக் கூடாது. இரும்பையும் எஃகையும் பட்டைகளாக முறுக்கிச் சுற்றிச் செய்த குழல்களில் சந்தனக்கட்டை ரேகை போலவும் நீரில் விழுந்த மை போலவும் சுழிகள் ஓடும். தமாஸ்கு என்று பேர். நம் தென்னாட்டு உருக்கில் செய்த பழைய வாள்களுக்கும் அந்தப் பேர்தான். ஆனால் அது வேறு, இது வேறு. வாளில் வரி உருக்கின் உள்ளேயே விளைந்தது. குழலில் வரி முறுக்கினால் வந்தது. இந்தச் சுழியின் மேல் முத்திரை விழுந்திருப்பதைப் பார்க்க வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் வரிகள் முத்திரையின் விளிம்பில் சற்றே அமுங்கி, மகுடத்துக்கு அடியில் மறுபடி தொடரும். ஆற்றில் கல் கிடந்தால் நீர் வளைந்து போகிற மாதிரி.

மியூசியத்தில் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நிற்கும்போது எனக்கு ஒரு மனத்தாங்கல் எப்போதும் உண்டு. துப்பாக்கியைப் பூட்டுப் பக்கம் நம்மைப் பார்க்கும்படி வைத்துவிடுகிறார்கள். குதிரையும் விசையும் தெரிகின்றன, பேர் தெரிகிறது. இடப்பக்கமும் அடிப்பக்கமும் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன. ஒரு சிறு கண்ணாடியைச் சாய்த்துப் பின்னால் வைத்தால் போதும், அந்த மகுடம் நம் கண்ணுக்கு வந்துவிடும். அப்படி வைக்காத இடங்களில் நான் குனிந்து, தலையைச் சாய்த்து, பெட்டிக் கண்ணாடியில் மூச்சுப் பட்டுப் பனித்து, காவலர் கனைத்தபின் எழுந்திருக்கிறேன்.

கையில் கிடைக்கும் பாக்கியம் இருந்தால் வெளிச்சத்தை நேராகக் காட்டாதீர்கள். டார்ச்சைக் குழலோடு ஒட்டிப் படுக்கவைத்து ஓரமாக அடியுங்கள். தட்டையாக, ஒன்றுமே இல்லை என்று தோன்றிய இடத்தில் நிழல் விழுந்து மகுடத்தின் ஒரு வளைவு எழும்பும்; விளக்கைக் கொஞ்சம் திருப்பினால் அடுத்த வளைவு. மெல்லிய தாளை வைத்துப் பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தால் சில சமயம் கண்ணுக்குத் தெரியாத எழுத்து தாளில் வரும்.

பாட்டன் காலத்துத் துப்பாக்கி வீட்டுப் பரணில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். முதலில் குழலின் வாய் யாரையும் பார்க்காமல் இருக்கட்டும்; நூறு வருஷத்துக்கு முன் கெட்டித்த மருந்து உள்ளே அப்படியே இருக்கலாம். தெரிந்தவரைக் கொண்டு அதைப் பார்த்துவிட்டு, பழந்துணியில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டுத் துடையுங்கள். பளபளப்பாக்குகிறேன் என்று உப்புத்தாளைக் கொண்டுவந்து குழலின் அடியில் வைத்துவிடாதீர்கள்.